அமேசான் அச்சா, இன்கிராம் அச்சா?

ஆர்டர் வந்த பிறகு புத்தகத்தை ஒரே ஒரு பிரதிகூட அச்சடித்துத் தரும் முறையில், அமெரிக்காவில் இரண்டு பெரிய கைகள்: அமேசானும் இன்கிராமும்.

இன்கிராம் புத்தக மொத்த வியாபாரி. 1997-இல் இந்த அச்சுத் தொழிலைத் தொடங்கியது. புத்தகம் எந்தக் கடையில் விற்றாலும் அதற்குச் சரிதான். அமேசானோ கடைக்காரர். 2005-இல் புக்சர்ஜ் என்ற அச்சு நிறுவனத்தை வாங்கியது. 2008-இல் கையை முறுக்கியது. எங்களிடம் அச்சடிக்காவிட்டால் உங்கள் புத்தகப் பக்கத்தில் 'வாங்கு' பொத்தான் இருக்காது என்று சிறு பதிப்பாளர்களிடம் சொன்னது. புத்தகம் கண்ணில் படும், அமேசானிடம் நேரடியாக வாங்க முடியாது! தன்னிடமே அச்சடித்து, வாங்குபவரின் மற்ற பொருள்களோடு ஒன்றாகப் பார்சல் கட்டினால் சீக்கிரம் அனுப்பலாம் என்பது அது சொன்ன காரணம். புக்லாக்கர் என்ற சிறு நிறுவனம் வழக்குப் போட்டது, 2010-இல் சமரசமானது.

இன்று அமேசானின் கேடிபி, அதாவது நாமே புத்தகம் வெளியிடும் சேவை, சுலபம். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இலவசம், ஆனால் அந்த எண்ணை வெளியே எடுத்துப்போக முடியாது. கடைகள் விற்காத பிரதிகளைத் திருப்பி அனுப்ப இன்கிராமில் வழியுண்டு. புத்தகக் கடைகள் அதைத்தான் கேட்கும்.

என்னைக் கேட்டால், சொந்த ஐஎஸ்பிஎன் வாங்கி இரண்டிலும் போடுங்கள். கேடிபியில் விரிவான விநியோகத்தை (அமேசானுக்கு வெளியே உள்ள கடைகளுக்கும் தரும் வசதி) மட்டும் டிக் செய்யாதீர்கள். அப்புறம் அதே எண்ணை இன்கிராமில் ஏற்றுவது தலைவலி.