ஒரே ஆள், பல கேமரா: எந்த மாடலை எடுப்பது?

ஒரு கேமராவில் முதுகில் பையோடு போனவர், அடுத்த கேமராவில் எதிரே வருகிறார். பை மறைந்து, தோளில் இரண்டு பட்டை மட்டும் தெரிகிறது. நீலச் சட்டை மஞ்சள் விளக்கில் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. முகமோ சில பிக்சல்கள்தான். அவரும் இவரும் ஒருவரே என்று, படங்களை ஒப்பிடும் செயற்கை நுண்ணறிவு மாடல் சொல்ல வேண்டும், அதுவும் சட்டென்று.

பலரும் முதலில் கைவைப்பது ரெஸ்நெட்-50. சுமார் 2.5 கோடி அளவுருக்கள் (பயிற்சியில் மாடல் கற்றுக்கொள்ளும் எண்கள்). ஒரு படத்தை 2048 எண்களாகச் சுருக்கும்; இந்த எண்களை ஒப்பிட்டுத்தான் ஆளைத் தேடுகிறோம். 2019-இல் வந்த ஆஸ்நெட்டுக்கோ 22 லட்சம் அளவுருக்கள், 512 எண்கள் போதும். ஆறு கேமராக்களில் 1501 பேரைப் பதிவுசெய்த மார்க்கெட்-1501 தரவில், முதல் விடையே சரியாக இருக்கும் விகிதம் ஆஸ்நெட்டுக்கு 94.8%. நன்கு பயிற்றுவித்த ரெஸ்நெட்-50-க்கு 94.5%. சரியான படங்கள் அனைத்தையும் மேலே கொண்டுவருவதில் மட்டும் ரெஸ்நெட் ஒரு புள்ளி முந்துகிறது. அந்த ஒரு புள்ளிக்காகப் பத்து மடங்கு சுமையை ஏற்க எனக்கு மனமில்லை.

தேடலில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும். பத்து லட்சம் படங்களின் எண்களைச் சேமிக்க ரெஸ்நெட்டுக்கு 8 ஜிபி, ஆஸ்நெட்டுக்கு 2 ஜிபி. ஒவ்வொரு தேடலிலும் இவை அனைத்தையும் ஒப்பிட வேண்டுமே!

2021-இல் வந்த டிரான்ஸ்ரீஐடி இவ்விரண்டையும்விடத் துல்லியமானது, ஆனால் கனமானது. எந்தக் கேமரா என்ற தகவலையும் பயிற்சியிலேயே சேர்த்துக்கொள்ளும். அதுவே அதன் சிக்கலும்: பயிற்சியில் இல்லாத கேமராவை நாளை மாட்டினால் அந்தத் தகவல் உதவாது. நல்ல ஜிபியு (மாடலை வேகமாக ஓட்டும் சில்லு) இருக்கிறது, கேமராக்களும் மாறப்போவதில்லை என்றால் தாராளமாக எடுக்கலாம்.

அப்புறம், மறுவரிசைப்படுத்தல்: கிடைத்த விடைகளை மீண்டும் ஒப்பிட்டு வரிசையை மாற்றுவது. அதே மார்க்கெட்-1501 தரவில், சரியான படங்கள் அனைத்தையும் மேலே கொண்டுவருவதை அளக்கும் சராசரித் துல்லியத்தை ரெஸ்நெட்டுக்கு 85.9-லிருந்து 94.2-க்கு உயர்த்தும். ஆனால் சேமித்த படங்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதையும் கணக்கிடுவதால் நேரம் பிடிக்கும். பழைய பதிவுகளை ஆராய இது சரி. நேரலைக்கு நேர வடிகட்டலே என் தேர்வு: இரண்டு கேமராக்களுக்கு இடையே நடக்க எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தால், அதற்கு ஒத்துவராத படங்களைத் தொடாமலேயே தள்ளிவிடலாம். கணக்கும் குறையும், ஒரே நிறச் சட்டைக்காரர்களைக் குழப்பிக்கொள்வதும் குறையும்.

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தால் இவை எல்லாமே தடுமாறும். மூன்று மாடல்களும் பெரும்பாலும் உடையைத்தான் பார்க்கின்றன. அதனால் எந்த மாடலானாலும் தேடலை அந்த ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.