கிருஷ்ணகிரியில் ஸ்பானிஷ் வகுப்பு: இரண்டு மாதம் போய்வந்தவன் சொல்கிறேன்

மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் ஆவணங்கள் பார்க்கும் வேலை எனக்கு. ஸ்பெயினில் இருக்கும் வாடிக்கையாளர் ஒருவரோடு வாரம் ஒருமுறையாவது போனில் பேச வேண்டும். அவருக்கு இங்கிலீஷ் அரைகுறை, எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது. பழையபேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் சனி, ஞாயிறு சாயங்காலம் ஸ்பானிஷ் ஆரம்ப வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் சேர்ந்தேன். இரண்டு மாதத்துக்கு 3,500 ரூபாய். அன்றாட வேலைகளுக்கான வினைச்சொற்கள், மணி சொல்வது, இவ்வளவுதான் பாடம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடம் ஸ்பானிஷைத் தமிழிலிருந்து சொல்லித்தருகிறார். இதற்கு முன் நான் யூடியூபில் இங்கிலீஷ் வழியாகக் கற்க முயன்று, பத்து நாளில் விட்டுவிட்டேன். இங்கே முதல் வகுப்பிலேயே ‘ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ்’ என்று எழுதி, பக்கத்தில் ‘பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்’ என்று எழுதினார். யார் பேசுகிறார் என்பது வினையின் வாலிலேயே இருக்கிறது, அதனால் ‘நான்’ என்று தனியாகச் சொல்லவே வேண்டாம், நம் மொழியைப் போலவே. இங்கிலீஷ் வழியாகப் போனால் இதை ஒரு புது விதியாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழ்க்காரனுக்கு அது விதியே இல்லை, வாயில் ஏற்கெனவே இருக்கிற பழக்கம்.

மணி சொல்லும் பாடம் இன்னும் அருமை. மணி என்ன என்று கேட்க ‘கே ஓரா எஸ்’. இந்த ஓரா வேறு எதுவும் இல்லை, தினசரி காலண்டரில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பார்க்கிறோமே, அதே சொல்தான். கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக அவர்களுக்கும் சமஸ்கிருதம் வழியாக நமக்கும் வந்திருக்கிறது. இதைக் கேட்டபின் அந்தச் சொல் மறக்குமா?

‘ஆறு மணி’ என்றால் ‘சோன் லாஸ் செய்ஸ்’, ‘ஆறு மணிக்கு’ என்றால் ‘ஆ லாஸ் செய்ஸ்’. அந்த ‘க்கு’தான் ‘ஆ’ என்றார், தீர்ந்தது. ஒரு மணி என்பது மட்டும் ‘எஸ் லா ஊனா’ என்று ஒருமையில் வரும், இரண்டிலிருந்து எல்லாம் ‘சோன் லாஸ்’. ஆறேகால் ‘செய்ஸ் இ குவார்த்தோ’, ஆறரை ‘செய்ஸ் இ மேதியா’, இதுவரை நம் கணக்குத்தான். முக்காலில்தான் புரண்டுவிடுகிறது. நாம் ஐந்தே முக்கால் என்போம், ஸ்பெயின்காரர் ‘செய்ஸ் மேனோஸ் குவார்த்தோ’, அதாவது ஆறில் கால் குறைவு என்பார். நான் இரண்டு வாரம் இதில் தடுமாறினேன். அட்டைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பித் திருப்பி வகுப்பு முழுக்கக் கேட்டுச் சரிசெய்துவிட்டார். அப்புறம் ‘தார்தே’ என்றால் மதியமும் அதுதான், சாயங்காலமும் அதுதான். அங்கே மதியச் சாப்பாடே இரண்டு, மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு ஒன்பது, பத்து மணிக்கு என்று தெரிந்ததும், என் வாடிக்கையாளர் ஏன் நம் சாயங்கால வேளையில் போனை எடுப்பதில்லை என்பதும் விளங்கியது. கோடையில் அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் நாலரை. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுகிறார்கள் என்பதையும் பாடத்தோடு சொன்னார், எனக்கு அது சம்பளத்துக்கு ஆகிற விஷயம்.

வினைச்சொற்களில் ‘மே அக்குவெஸ்தோ’, அதாவது ‘படுத்துக்கொள்கிறேன்’, எனக்குப் பிடித்தது. ‘அக்கோஸ்தார்’ என்றால் குழந்தையைப் படுக்கவைப்பது, ‘அக்கோஸ்தார்சே’ என்றால் நாமே படுத்துக்கொள்வது. நம் ‘கொள்’ செய்கிற வேலையை அங்கே ‘சே’ செய்கிறது.

ஒவ்வொருவரும் தன் நாளைத்தான் சொல்ல வேண்டும், புத்தகத்து நாளைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வரும் கல்லூரிப் பெண் ஒருத்தி, நாலு மணிக்கு எழுந்து மாடு கறக்கிறோம், இதை எப்படிச் சொல்வது என்று கேட்டாள். மேடத்துக்கு அன்று அந்தச் சொல் தெரியவில்லை, தெரியாது என்றே சொன்னார், மறுவாரம் ‘ஓர்தென்யார்’ என்று தேடிக்கொண்டு வந்தார். ‘ஓர்தென்யாமோஸ் ஆ லாஸ் குவாத்ரோ’ என்று அவள் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. எந்தப் பாடப்புத்தகத்திலும் ஆரம்ப நிலையில் அந்த வினை இருக்காது.

இனி குறைகள். பெரிய குறை நோட்ஸ். வாயால் இவ்வளவு அழகாகத் தமிழில் சொல்லிவிட்டு, கையில் தருவது இங்கிலீஷ் விளக்கங்களோடு எங்கிருந்தோ எடுத்த ஜெராக்ஸ். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் வகுப்பில் கேட்ட ஒன்றுமே அதில் இல்லை. அவர் கரும்பலகையில் எழுதுவதை அச்சடித்துக் கொடுத்தாலே போதும், இதைவிட நூறு மடங்கு நல்ல புத்தகம் அது.

அடுத்தது, நடுவில் உயிரெழுத்து மாறுகிற வினைகள். ‘நான்’ என்று வந்தால் ‘தோர்மிர்’ (தூங்குவது) என்பது ‘துவெர்மோ’ ஆகும், ‘தெஸ்பெர்த்தார்சே’ (விழித்துக்கொள்வது) என்பது ‘மே தெஸ்பியெர்த்தோ’ ஆகும், ஆனால் ‘நாங்கள்’ என்று வந்தால் மாறாது. நிதானமாக மூன்று வகுப்பாவது எடுக்க வேண்டிய பாடத்தை ஒரே சாயங்காலத்தில் முடித்தார், பாதிப் பேர் அங்கேதான் பின்தங்கினார்கள். ஐந்து மணி வகுப்பு ஐந்து இருபதுக்குத்தான் தொடங்குகிறது, ஊத்தங்கரை பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்காகக் கடைசிப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இதை இரண்டு முறை சொல்லியும் மாறவில்லை. பதினைந்து மணி, பதினாறு மணி என்று 24 மணிக் கணக்கில் சொல்வதைத் தொடவே இல்லை. எனக்கு வரும் மின்னஞ்சல்களில் எல்லாம் அந்தக் கணக்குதான்.

இத்தனைக்கும் பிறகு அடுத்த நிலைக்கும் பணம் கட்டிவிட்டேன். போன வாரம் அந்த வாடிக்கையாளரிடம், பத்தரைக்குக் கூப்பிடுகிறேன் என்று அவர் மொழியிலேயே சொன்னேன், அவரும் சரியாக அந்த நேரத்துக்குப் போனை எடுத்தார். நீங்கள் சேர்வதாக இருந்தால் முதல் நாளே போனில் ரெக்கார்டு செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள். எனக்குத் தயங்காமல் சரி என்றார், நோட்ஸுக்குப் பதில் இப்போது அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.