மெக்னீசியம் கிளைசினேட் கேப்சூல்: சரக்கு நல்லாருக்கு, டப்பா மேல போட்டிருக்கறது தான் ஓவர்

அம்மாவுக்கு ஹார்ட் பம்பிங் கம்மின்னு ரொம்ப வருஷமா நீர் மாத்திரை ஓடிட்டிருக்கு, கூடவே தினமும் அசிடிட்டி மாத்திரை. ரெண்டுமே மெக்னீசியத்த இறக்கிவிடக்கூடியது. நீர் மாத்திரை யூரின்ல தள்ளிவிடும், அசிடிட்டி மாத்திரைய (பிபிஐன்னு சொல்றாங்களே அந்த வகை) ரொம்ப நாள் எடுத்தா ரத்தத்துல மெக்னீசியம் கொறையலாம்னு அமெரிக்க எஃப்டிஏ 2011லயே எச்சரிச்சிருக்கு. ராத்திரில கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும், பொட்டாசியம் சிரப் குடுத்தும் பொட்டாசியம் ஏறவே மாட்டேங்குது, அப்புறம் டாக்டர் மெக்னீசியம் டெஸ்ட் எழுதிக் குடுத்தாரு, பாத்தா லோ. மெக்னீசியம் கொறஞ்சிருந்தா கிட்னி பொட்டாசியத்த ஒழுகவிட்டுட்டே இருக்குமாம், நீங்க எவ்ளோ ஊத்தினாலும் நிக்காது. ரெண்டும் கொறஞ்சா ஹார்ட் துடிப்பு தப்புறதுக்கு சான்ஸ் அதிகம். அதனால தான் இந்த கேப்சூல் வாங்க ஆரம்பிச்சோம்.

முதல்ல லேபிள். முன்னாடி பெரிய எழுத்துல 1000 மி.கி.ன்னு இருக்கும், அத பாத்து ஏமாந்துடாதீங்க, அது கிளைசினேட் உப்போட (மெக்னீசியமும் கிளைசின்ங்கற அமினோ அமிலமும் சேந்தது) மொத்த எடை. பின்னாடி பொடி எழுத்துல எலிமென்டல் மெக்னீசியம்னு ஒரு லைன் இருக்கு பாருங்க, அதுல 140 சொச்சம் தான், அதுவும் ரெண்டு கேப்சூலுக்கு சேத்து. கணக்கு கரெக்ட் தான், கிளைசினேட்ல 14 சதவீதம் தான் நிஜ மெக்னீசியம். இதே எடைக்கு 200, 250ன்னு எவனாவது போட்டிருந்தா உள்ள மெக்னீசியம் ஆக்சைடு கலந்திருக்குன்னு அர்த்தம், பஃபர்டுன்னு ஒரு வார்த்தை எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். ஆக்சைடுல 60 சதவீதம் மெக்னீசியம் இருக்கு ஆனா உடம்புல சேர்றது கம்மி, வயித்தால போயிடும். அம்மாவுக்கு முன்னாடி ஆக்சைடு மாத்திரை குடுத்தப்ப அதே தான் ஆச்சு, இதுல அந்தத் தொல்லை இல்ல. கால் பிடிப்பு நல்லா கொறஞ்சிருக்கு, அடுத்த டெஸ்ட்ல பொட்டாசியமும் மேல வந்துடுச்சு. கேப்சூல் சைஸ் தான் பெருசு, விழுங்கவே சிரமப்படுறாங்க.

இப்ப என் கோவத்துக்கு வரேன். டப்பா மேல ஒரு சிவப்பு ஹார்ட் படம் போட்டு "ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ல இருந்து இதயத்தைக் காக்கும்"னு எழுதிருக்காங்க. ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னா, ஃப்ரீ ராடிக்கல்னு சொல்ற செல்ல அரிக்கற மூலக்கூறுங்க உடம்பு சமாளிக்கற அளவ தாண்டி பெருகறது. டப்பால போட்டது முழுப் பொய் இல்ல, அதான் பிரச்சனையே. ஜார்ஜ் வாஷிங்டன் யுனிவர்சிட்டில வெக்லிக்கி குரூப் எலிங்கள வெச்சு பல வருஷம் இதத்தான் ஆராய்ச்சி பண்ணாங்க. மெக்னீசியமே இல்லாத தீனி போட்டா மொத வாரத்துலயே நரம்புல இருந்து 'சப்ஸ்டன்ஸ் பி'ன்னு ஒரு பொருள் ரத்தத்துல ஏறுது, அது வீக்கத்த கிளப்பிவிடுது, வெள்ளை அணுக்கள் ஃப்ரீ ராடிக்கல கக்குது, சிவப்பு அணுல அத அணைக்க இருக்கற குளுட்டாதியோன் தீந்துபோகுது, அப்புறம் ஹார்ட் தசையில புண்ணு மாதிரி சேதம். அந்த எலியோட ஹார்ட்ட தனியா எடுத்து, அதுக்குள்ள ரத்தம் மாதிரி ஓட விடற திரவத்த கொஞ்ச நேரம் நிறுத்தி திரும்ப விட்டா, நல்ல தீனி தின்ன எலி ஹார்ட் அளவுக்கு அது தேறி வரல. வைட்டமின் இ குடுத்தா சேதம் கொறஞ்சுது, சப்ஸ்டன்ஸ் பிய பிளாக் பண்ணாலும் கொறஞ்சுது. ஹார்ட் அட்டாக்ல ரத்தக் குழாய் அடைப்பு நீங்கி ரத்தம் திரும்ப பாயற நேரத்துல தான் ஃப்ரீ ராடிக்கலும் கால்சியமும் செல்லுக்குள்ள ஒரேடியா குவியும், கால்சியத்த தடுத்து நிறுத்துற காவல்காரன் மெக்னீசியம் தான், அவன் இல்லன்னா செல்லுக்கு சக்தி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியா தாங்காது.

ஆனா இதெல்லாம் மெக்னீசியம் *கொறஞ்ச* உடம்போட கதை. சரியா இருக்கறவங்களுக்கு மேல மேல குடுத்தா ஹார்ட்டுக்கு கவசம்னு இது சொல்லவே இல்ல. மனுஷங்க கிட்டயே பாத்துட்டாங்க: 1992ல லிமிட்-2 ட்ரையல்ல ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு மெக்னீசியம் ட்ரிப் ஏத்தி சாவு சுமார் 24 சதவீதம் கொறஞ்சுதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, அடுத்து 1995ல ஐசிஸ்-4, 58,000 பேருக்கு மேல, பலன் இல்ல. லேட்டா குடுத்தாங்கன்னு சண்டை வந்துச்சு, சரின்னு 2002ல மேஜிக் ட்ரையல்ல சீக்கிரமே குடுத்துப் பாத்தாங்க, 6,213 பேர், அப்பவும் பலன் இல்ல. இத்தன தெரிஞ்சும் ஹார்ட் படம் போட்டு விக்கறது எனக்கு சுத்தமா பிடிக்கல, ஹார்ட் பேஷண்ட் வீட்ல பயந்துட்டு இருக்கறவங்க தான் அத நம்பி வாங்குவாங்க.

அதனால என் ரேட்டிங்: கேப்சூலுக்கு 4 ஸ்டார், லேபிளுக்கு 1. நீர் மாத்திரை, பிபிஐ எடுக்கறவங்க, கட்டுப்படாத சுகர் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேட்டு டெஸ்ட் பண்ணிட்டு வாங்கலாம், பிரயோஜனமான பொருள். டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் குறை இல்லவே இல்லன்னு அடிச்சு சொல்ல முடியாது, உடம்புல இருக்கற மெக்னீசியத்துல 1 சதவீதம் கூட ரத்தத்துல இல்ல, பாதிக்கு மேல எலும்புல தான் கெடக்கு, அதனால அறிகுறியையும் சேத்து டாக்டர் பாக்கட்டும். கிட்னி வீக்கா இருந்தா மட்டும் நீங்களா தொடவே தொடாதீங்க, வெளிய போகாம ரத்தத்துல ஏறிட்டா ஹார்ட் துடிப்பே மந்தமாயிடும். தைராய்டு மாத்திரை போடுறவங்க 4 மணி நேரம் கேப் விட்டு போடுங்க, இந்த விஷயம் டப்பால எங்கயுமே எழுதல.