ஓடாத காருக்கு ஏழு தடவை ஆயில் மாற்றிய கதை

குன்னூரில் கார் வைத்திருப்பவர்கள், அதிலும் என்னைப் போல வாரத்துக்கு இரண்டு தடவை மார்க்கெட்டுக்கு மட்டும் எடுப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தவள். எனக்கே இந்தக் கணக்கு ஒன்றரை வருஷம் உறைக்கவில்லை.

கார் என் வீட்டுக்காரர் வாங்கியது. சின்ன பெட்ரோல் வண்டி. அவர் போன பிறகு விற்க மனசு வரவில்லை, எனக்கும் ஓட்டத் தெரியும், வைத்துக்கொண்டேன். 2022 நவம்பரில் கம்பெனி சர்வீஸில் கடைசியாக விட்டது. அதற்கப்புறம், இதற்காக எதற்கு மலை இறங்குவது என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வொர்க்‌ஷாப்பில் கொடுக்க ஆரம்பித்தேன். பேச்சு தேனாக இருக்கும். "மலை ஊரு டீச்சர், குளிரு, ஈரம். மூணு மாசத்துக்கு ஒருக்கா ஆயில் மாத்தலைன்னா எஞ்சின் போயிடும்." வண்டி ஓடவே இல்லையேப்பா என்றேன். "ஓடாத வண்டிலதான் டீச்சர் ஆயில் சீக்கிரம் கெடும்."

அதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியில்தான் நான் விழுந்தேன்.

2023 மார்ச்சிலிருந்து 2024 செப்டம்பர் வரை ஏழு பில். ஒவ்வொன்றும் 3,150 ரூபாய். சிந்தெடிக் ஆயில் 4 லிட்டர், ஆயில் ஃபில்டர் 1, வாஷர், கூலி. ஆக 22,050. அந்த ஒன்றரை வருஷத்தில் வண்டி ஓடியது 1,900 கிலோமீட்டர். ஒரு ஆயிலுக்கும் அடுத்த ஆயிலுக்கும் நடுவே முன்னூறு சொச்சம் கிலோமீட்டர். என் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்தே மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும் என்று மேனுவலில் போட்டிருக்கிறது. மிச்ச ஆயில் எங்கே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மேனுவலைத் திறந்தால்தானே கேட்க!

2024 டிசம்பரில் வொர்க்‌ஷாப்காரரிடமிருந்து மறுபடி போன் வந்தது, போனேன். பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து என் கையில் கொடுத்தார். உள்பக்கம் முழுக்க மஞ்சள் கலந்த வெள்ளையாக, தயிர் கடைந்த மத்தில் ஒட்டுகிற வெண்ணெய் மாதிரி அப்பிக் கிடந்தது. விரலால் தொட்டால் வழுக்குகிறது. "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு டீச்சர். கூலன்ட் ஆயில்ல கலக்குது. ஹெட்ட இறக்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க." ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் மேல் பாகத்துக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவே, ஆயிலும் கூலன்ட் என்கிற குளிரூட்டும் நீரும் கலக்காமல் அடைக்கிற தகடு. எஸ்டிமேட் 26,500.

விட்டுவிட்டு வந்திருப்பேன். அன்றைக்கு கேஸ் சிலிண்டர் வருகிற நாள், வீட்டில் ஆள் இல்லை. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சிலிண்டர்காரருக்கு என் நன்றி.

சாயங்காலம் அண்ணன் மகனிடம் போனில் புலம்பினேன். மேட்டுப்பாளையத்தில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறான். "அத்தை, பதறாதீங்க. ஆயில் அளவு பாக்கற கம்பி இருக்குமில்ல, அந்த டிப்ஸ்டிக்க உருவிப் பாருங்க, அதுல அந்த வெள்ளை இருக்குதா?" இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது. "வண்டி சூடேறுதுங்களா? சைலென்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வருதுங்களா?" காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கொஞ்சம் வரும், அப்புறம் நின்றுவிடும். "அப்ப கேஸ்கட்டா இருக்காதுங்கத்தை. வண்டி ஆறியிருக்கறப்ப கூலன்ட் டப்பால மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. ரேடியேட்டர் மூடிய மட்டும் சூட்டுல தொறந்துறாதீங்க. நாளைக்கு ஊட்டி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க."

அருவங்காடு, எல்லநள்ளி தாண்டி ஊட்டிக்குப் போய் வந்தேன். போக வர நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே வாரத்தில் மூன்று தடவை. கூலன்ட் கோட்டை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் தடவை மூடியைத் திறந்தால் வெண்ணெய் முக்கால்வாசி காணோம். ஓரத்தில் மட்டும் ஒரு கோடு. கேஸ்கட் போயிருந்தால் ஓட்ட ஓட்ட அதிகமாகும், குறையாது.

அந்த வெள்ளை என்னவென்று அப்புறம்தான் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பாலும் சைலென்சர் வழியே ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக ஆயில் பக்கம் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகி வெளியேறிவிடும். சூடேறவில்லை என்றால் ஜில்லென்றிருக்கும் மூடியில் வியர்த்து, ஆயிலோடு கலந்து நுரைத்து நிற்கும். எரியாத பெட்ரோலும் கொஞ்சம் இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும்.

இப்போது என் வண்டியை நினைத்துப் பாருங்கள். வீடு மேலே சிம்ஸ் பார்க் பக்கம், மார்க்கெட் கீழே. போகும்போது இறக்கம், எஞ்சினுக்கு வேலையே கிடையாது. காய்கறி வாங்கி வருவதற்குள் ஆறிவிடும். ஏறும்போது கொஞ்சம் சூடு பிடிக்கும், அதற்குள் வீடு வந்துவிடும், சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவேன். டாஷ்போர்டில் சூட்டு முள் நடுவுக்கு வந்தாலே போதும் என்று நினைத்திருந்தேன். அது கூலன்டின் சூடு, ஆயில் சூடேற இன்னும் நேரமாகுமாம். போதாததற்கு அந்த வொர்க்‌ஷாப்காரர் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போர்டிகோவிலேயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டு அணைப்பேன். பேட்டரிக்கு நல்லது என்றார். ஆயிலுக்கு வாராவாரம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்!

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் மகன், ஆயிலை ஒருதடவை நம் கண் முன்னால் மாற்றிவிடலாம் என்று மேட்டுப்பாளையத்துக்கு வரச் சொன்னான். அவனுக்குத் தெரிந்த மெக்கானிக், குழி மேல் வண்டியை நிறுத்திவிட்டு அடியில் இறங்கினார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அம்மா, கொஞ்சம் வந்து பாருங்க. ஆயில் ஃபில்டர் எப்ப மாத்துனீங்க?" செப்டம்பரில் என்றேன். டார்ச் அடித்துக் காட்டினார். ஃபில்டர் மேல் சேறு காய்ந்து ஏடு ஏடாக நின்றது. துணியால் துடைத்ததும் வெள்ளை மார்க்கரில் எழுத்து தெரிந்தது: 11/22. கம்பெனி சர்வீஸில் போட்டதும் அவர்கள் எழுதிவிட்ட தேதி. "இத மாத்தவேயில்லைங்க. பழைய ஆயில எறக்கற டிரைன் நட்டுல கூட ஸ்பேனர் பட்ட மாதிரி தெரியலைங்க, மண்ணு அப்படியே அப்பிக் கெடக்குது."

ஏழு பில். ஏழு ஃபில்டர். ஒன்றுகூட வண்டியில் ஏறவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேலாக அதே ஆயிலில்தான் ஓட்டியிருக்கிறேன். எஞ்சின் தப்பித்தது நான் அதிகம் ஓட்டாததால்.

சரி, குறைவாக ஓடும் காருக்கு ஆயில் எப்போதுதான் மாற்றுவது? உங்கள் மேனுவலில் இருக்கிறது. இங்கே விற்கிற பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. நமக்கு வருஷம்தான் முதலில் வரும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று மூன்று நாலு வருஷம் விடுவதும் தப்பு, ஈரம் காலண்டர் பார்த்துத்தான் சேர்கிறது. அதே மேனுவலில் இன்னொரு பக்கமும் இருக்கும், கடினமான உபயோகத்துக்கு என்று. குறைந்த தூரம் ஓட்டி ஓட்டி நிறுத்துவது, கடுங்குளிர் எல்லாம் அதில் வரும். கெடு ஏறக்குறைய பாதியாகும். மார்க்கெட்டைத் தவிர எங்கும் போகாத வண்டிக்கு ஆறு மாதம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். மூன்று மாதம் என் மேனுவலில் எந்தப் பக்கத்திலும் இல்லை. நான் இப்போது பத்து நாளைக்கு ஒருதடவையாவது ஊட்டி வரை ஓட்டுகிறேன், ஆயில் வருஷத்துக்கு ஒன்று.

மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வாங்க டீச்சர் என்பார்கள், போகாதீர்கள். சீல் உடைக்காத கேனை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். காலி கேனை நீங்களே எடுத்துக்கொண்டு ஓட்டை போட்டு எறியுங்கள், அதில் மட்டமான ஆயிலை நிரப்பி மறுபடி விற்கிறவர்கள் உண்டு. புது ஃபில்டரில் தேதியை உங்கள் கையாலேயே எழுதுங்கள். மறுநாள் காலையில் டிப்ஸ்டிக்கைத் துடைத்து, செருகி, உருவிப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். தார் மாதிரி இருந்தால் அது புதுசு இல்லை. டீசல் வண்டிக்கு இது பொருந்தாது, அது சீக்கிரமே கறுத்துவிடும்.

வொர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். "பையன் மறந்திருப்பான் டீச்சர்" என்றார். ஏழு தடவையுமா? சமாதானத்துக்கு ஒரு ஆயில் சர்வீஸ் இலவசமாகச் செய்து தருகிறாராம்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கொடுக்கப்போகிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். என் முதல் பில்லுக்கு 2025 மார்ச்சோடு கெடு. புகார் நடக்கிறபடியால் கடைப் பெயரை இங்கே கேட்காதீர்கள். ஏழு பில்லும் அந்த 11/22 ஃபில்டரும் ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன. திங்கட்கிழமை எடுத்துக்கொண்டு ஊட்டி போகிறேன். காரில்தான், ஆயிலும் சூடான மாதிரி இருக்கும்.