வட்ட விசைகளும் ஒரு ழகரமும்: 14 மாத அனுபவம்

நான் வாங்கிய கீபோர்டுக்குப் பழைய டைப்ரைட்டர் போல வட்ட வட்டமாக விசைகள், ஓரத்தில் வெள்ளி வளையம், வெளிர்பச்சை உடம்பு. படத்தைப் பார்த்ததுமே மயங்கிவிட்டேன். மொத்தம் 64 விசைதான். 104 விசைப் பலகையை எடுத்துவிட்டு இதை வைத்ததும் மவுஸுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

நான் தமிழ்99 என்ற தமிழ் விசையமைப்பில் அடிப்பவன். அதில் ழ இருப்பது ஸ்லாஷ் (/) விசையில். இந்தப் பலகையிலோ அந்த இடத்தில் மேல் அம்புக்குறி உட்கார்ந்திருக்கிறது. ஸ்லாஷ் வேண்டுமென்றால் ஃபங்ஷன் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஆங்கிலம் மட்டும் அடிப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மழை, பழம், கிழமை எல்லாம் தடுக்கின. 'தமிழ்' என்று அடிக்கப் போனால் 'தமி'யோடு கர்சர் மேல் வரிக்கு ஓடிவிடும். மிச்சமிருக்கும் புள்ளி அங்கே போய் ஏதாவது ஓர் எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். மூன்று வாரம் இந்தக் கூத்து. அப்புறம் விண்டோஸில் விசைகளை மாற்றியமைக்க உதவும் பவர்டாய்ஸ் கீபோர்ட் மேனேஜரில் இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன். விசையின் மேல்மூடியில் அம்புக்குறி அப்படியேதான் இருந்தது. வீட்டில் வேறு யார் தொட்டாலும் எனக்குத்தான் திட்டு.

சரி, அந்த வட்டம்? ஒரு சதுரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய வட்டத்தின் பரப்பே அதில் சுமார் 78.5 சதவீதம்தான். விரல் கொஞ்சம் விலகினாலும் இடைவெளியில் இறங்கிவிடுகிறது. டைப்ரைட்டரிலும் வட்டம்தானே என்று கேட்கலாம். அங்கே வரிசைகள் படிக்கட்டு போல ஏறும். விரலைத் தூக்கிக் குத்துவோம். இங்கே வரிசைகள் கிட்டத்தட்ட தட்டை, நாமும் விரலை நகர்த்தித்தான் அடிக்கிறோம். வடிவத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

விசைகளுக்கு அடியில் இருப்பது சத்தம் போடும் ப்ளூ வகை சுவிட்ச். அதன் 'டக் டக்' பகலில் சுகம். இரவு 11 மணிக்கு அடுத்த அறையிலிருந்து குரல் வரும்.

எட்டாவது மாதம் மனசைத் தேற்றிக்கொண்டு பிபிடி என்ற பிளாஸ்டிக்கில் செய்த, வட்டமில்லாத சாதாரண மூடிகள் வாங்கினேன். மூடி உட்காரும் சுவிட்சின் தண்டு, செர்ரி நிறுவன சுவிட்சுகளில் இருப்பது போன்ற பிளஸ் வடிவம் என்பதால் பொருந்தின. குட்டையான வலது ஷிஃப்டுக்கு மட்டும் அந்த செட்டில் மூடி இல்லை. அங்கே 'டெலிட்' என்று எழுதிய மூடி இருக்கிறது. ழகரத்துக்கு ஒருவழியாக ஸ்லாஷ் மூடி கிடைத்தது. பிழைகள் நன்றாகவே குறைந்துவிட்டன. பலகை இப்போது எந்த அலுவலகத்திலும் கிடக்கும் ஒன்றைப் போலத்தான் தெரிகிறது. எஸ்கேப்பை மட்டும் வட்டமாகவே விட்டிருக்கிறேன், அங்கே விரல் அதிகம் போவதில்லை.