மழை ரேஸுக்கு எத்தனை மதிப்பெண்? பல சீசன்கள் பார்த்த அனுபவம்

ஃபார்முலா 1 ரேஸ் ஒவ்வொன்றும் முடிந்ததும் பத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் நெடுநாள் பழக்கம். சில நாள் கழித்து, முடிவு தெரிந்த நிலையில், முழு ரேஸையும் திரும்பப் பார்ப்பேன். அப்போது பக்கத்திலேயே இரண்டாவது மதிப்பெண் விழும். காய்ந்த தடத்தில் நடந்த ரேஸ்களில் இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒட்டியே இருக்கும். மழை ரேஸ்களில்தான் விலகிப் போகும். அன்றைக்கு ஒன்பது வாங்கியது ஆறுக்கு இறங்கும், ஏழு வாங்கியது பத்தைத் தொடும். அப்படி விலகிய ரேஸ்களைத்தான் நான் அதிகம் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மழை ரேஸில் எதைப் பார்த்து எடை போட வேண்டும் என்று எனக்கென்று ஒரு கணக்கு பிடிபட்டதும் அப்படித்தான். அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

மழை பெய்தால் ரேஸ் சூடுபிடிக்கும் என்று ரசிகர்கள் எல்லோரும் சொல்வோம். அதற்கு நேர் எதிரான சாட்சி 2021 பெல்ஜியம். ஆகஸ்ட் 29, ஸ்பா. நம் நேரத்துக்கு மாலை ஆறரைக்குத் தொடங்க வேண்டிய ரேஸ். மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்த பிறகு வேகத்தைக் கட்டுப்படுத்தி முன்னால் போகும் சேஃப்டி காருக்குப் பின்னால் கார்கள் வரிசையாக ஒரு சில சுற்று போய்வந்தன, அவ்வளவுதான். ஒரு ஓவர்டேக் கிடையாது. முடிவை ஒரே ஒரு லேப்பை வைத்து அறிவித்து, பாதிப் புள்ளிகள் கொடுத்தார்கள். வெர்ஸ்டாப்பன் முதல், வில்லியம்ஸில் இருந்த ரஸ்ஸல் இரண்டாவது, ஹாமில்டன் மூன்றாவது. இத்தனைக்கும் முந்தின நாள் அதே ஈரத்தில், தொடக்க வரிசையைத் தீர்மானிக்க நடந்த குவாலிஃபையிங் அபாரமாக இருந்தது. பின்வரிசையில் ஓடிக்கொண்டிருந்த வில்லியம்ஸ் காரை ரஸ்ஸல் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். சனிக்கிழமைக்கு ஒன்பது போட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் போட எதுவுமில்லை. வாரக்கடைசி ஒன்று, தடமும் மழையும் ஒன்றே. ஆகவே விறுவிறுப்பு மழையில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது.

எங்கே என்று கேட்டால், டயரில் என்பேன். இன்னும் சரியாகச் சொன்னால், எந்த டயர் சரி என்று யாருக்குமே தெரியாத அந்தச் சில நிமிடங்களில்.

காய்ந்த தடத்துக்கு வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக், லேசான ஈரத்துக்குப் பச்சைக் கோடு போட்ட இன்டர்மீடியட் (சுருக்கமாக இன்டர்), கனமழைக்கு நீலக் கோடு போட்ட ஃபுல் வெட். டயர் தயாரிக்கும் பிரெல்லி சொல்லும் கணக்குப்படி 300 கி.மீ. வேகத்தில் ஃபுல் வெட் டயர் நொடிக்கு 85 லிட்டர் வரை தண்ணீரை வாரி வெளியே இறைக்கும். இன்டர் 30 லிட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் பின்னால் வருகிறவரின் முகத்துக்கு நேரே ஸ்ப்ரேயாக எழும்பும். ஃபுல் வெட் தேவைப்படும் அளவுக்கு மழை என்றால் பெரும்பாலும் முன்னால் போகிற கார் கண்ணுக்கே தெரியாது, ரேஸை நிறுத்தும் ரெட் ஃபிளாக் வந்துவிடும். எனவே பார்க்கிற நமக்குக் கனமழையால் ஆதாயமில்லை. தடம் நனையத் தொடங்கும் நேரமும் காயத் தொடங்கும் நேரமும்தான் நம்முடையவை. ஸ்லிக்கில் போகிறவரும் இன்டரில் போகிறவரும் ஏறக்குறைய ஒரே லேப் நேரம் எடுக்கிற அந்த இடைவேளையில் டிரைவருக்கும் தெரியாது, டயர் மாற்றும் பிட் பகுதியின் ஓரம், பிட் வாலில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியருக்கும் தெரியாது, சோபாவில் இருக்கும் நமக்கும் தெரியாது. இந்தத் தெரியாமை எத்தனை லேப் நீடிக்கிறது, அதன்மேல் எவ்வளவு பெரிய விஷயம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் முதல் அளவுகோல்.

2021 சோச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 53 லேப் ரேஸ். 21 வயது லாண்டோ நோரிஸ் தொடக்க வரிசையின் முதல் இடமான போல் பொசிஷனை முதன்முறையாகப் பிடித்து, அங்கிருந்து கிளம்பி, முதல் வெற்றிக்கு மிக அருகில் வந்துவிட்டார். பின்னால் ஹாமில்டன் விரட்டுகிறார். கடைசிச் சில லேப்புகளில் தூறல். தடத்தின் ஒரு பகுதி நனைந்திருக்கிறது, மறு பகுதி காய்ந்திருக்கிறது. மெர்சிடஸ் ஹாமில்டனை உள்ளே கூப்பிட்டு இன்டர் மாட்டியது. நோரிஸ் ஸ்லிக்கிலேயே நின்றார். தூறல் அந்த அளவிலேயே நின்றிருந்தால் ஜெயித்திருப்பார். நிற்கவில்லை. கார் தடத்தை விட்டுச் சறுக்கியது, ஏழாவதாக முடித்தார். ஹாமில்டனுக்கு அது நூறாவது வெற்றி. கடைசி வரிசையிலிருந்து தொடங்கிய வெர்ஸ்டாப்பன் சரியான லேப்பில் டயர் மாற்றி இரண்டாவதாக வந்துவிட்டார். அன்றைக்கும் எட்டு, மறுபடி பார்த்தபோதும் எட்டு. மொத்த ரேஸும் அப்படி இருந்திருந்தால் பத்து போட்டிருப்பேன். முதல் நாற்பது லேப் சாதாரணம்தான்.

முழுப் பத்து வாங்கியவை என் நோட்டில் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று 2008 பிரேசில், நவம்பர் 2. இரவு பத்தரைக்குத் தொடங்கிய அந்த ரேஸைப் பார்த்த யாரும் மறந்திருக்க முடியாது. ஹாமில்டனுக்கு ஐந்தாம் இடம் வேண்டும். ஃபெராரியின் மாஸா ஜெயித்து, ஹாமில்டன் ஆறாவதாக வந்தால் சாம்பியன் பட்டம் மாஸாவுக்கு. கடைசி லேப்புகளில் மழை இறங்க, முன்னணியில் இருந்தவர்கள் இன்டருக்கு மாறினார்கள். டொயோட்டாவின் டிமோ கிளாக் மட்டும் காய்ந்த தட டயரிலேயே இருந்து நான்காவதாக மேலேறினார். அடுத்து வெட்டல் ஹாமில்டனைத் தாண்ட, ஹாமில்டன் ஆறாவது. மாஸா கோட்டைக் கடந்துவிட்டார், ஃபெராரி கராஜில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. அரை நிமிடத்துக்குச் சற்று மேல் அவர்கள்தான் சாம்பியன்கள். மழை வலுக்க, தடுமாறிக்கொண்டிருந்த கிளாக்கை கடைசி வளைவுகளில் ஹாமில்டன் கடந்தார். சீசன் புள்ளிகள் 98க்கு 97, பட்டம் ஹாமில்டனுக்கு. கிளாக் வேண்டுமென்றே வழிவிட்டார் என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. கடைசி லேப்பில் அவர் காரிலேயே பொருத்திய கேமராவின் ஆன்போர்டு காட்சியைப் பார்த்தால் அந்தப் பேச்சு எவ்வளவு அநியாயம் என்று விளங்கும். அந்தக் கார் திரும்பவே மறுக்கிறது.

அதே கிளாக்கை அடுத்த ஆண்டு செபாங்கிலும் பாருங்கள். 2009 மலேசியா. ஐரோப்பிய டி.வி. நேரத்துக்காக ரேஸை மாலை ஐந்து மணிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். மலாய் தீபகற்பத்தில் அது இடிமழை இறங்கும் வேளை. ஃபெராரி மழையை எதிர்பார்த்து, காய்ந்த தடத்திலேயே ரைக்கோனனுக்கு ஃபுல் வெட் மாட்டி அனுப்ப, டயர் தேய்ந்து இடங்கள் போயின. பிறகு மழை வந்தபோது மற்றவர்கள் ஃபுல் வெட்டுக்கு ஓடினார்கள், கிளாக் இன்டர் எடுத்தார். லேசாகவே தொடங்கிய மழையில் அவர் ஒவ்வொருவராகக் கடந்து வந்ததைப் பார்த்தால் டயர் என்ற ஒன்றே போதும் என்று தோன்றும். 56 லேப்பில் 31 லேப் கணக்கோடு ரேஸ் நின்றது. பட்டன் வெற்றி, கிளாக் மூன்றாவது, எல்லோருக்கும் பாதிப் புள்ளி. முடிவில் அரைகுறையாக நின்றாலும் இதற்கு என் மதிப்பெண் ஏழு. ஓடிய லேப்புகள் அவ்வளவு சத்தானவை.

பார்க்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழை ரேஸை டி.வி. படத்தை மட்டும் நம்பிப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மேலிருந்து எடுக்கும் காட்சியில் வெள்ளைப் புகைதான் தெரியும். நான் பக்கத்தில் போனில், ஒவ்வொரு காரின் நேரத்தையும் உடனுக்குடன் காட்டும் லைவ் டைமிங் திறந்து வைத்துக்கொள்வேன். தடம் காயும்போது முதலில் ஸ்லிக் மாட்டுவது பெரும்பாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லாத கடைசி வரிசைக்காரர்தான். லேப்பை மூன்றாகப் பிரித்த செக்டார்களில் அவருடைய நேரங்களை மட்டும் கவனியுங்கள். மஞ்சள் என்றால் முன்னேற்றமில்லை, பச்சை என்றால் அவருடைய சொந்தச் சிறப்பு, ஊதா என்றால் எல்லோரையும்விட வேகம். முதல் லேப்பில் டயர் சூடாகாமல் மஞ்சளாகவே இருக்கும். பிறகு ஒரு செக்டார் பச்சை. எப்போது அவர் ஒரு செக்டாரில் ஊதா காட்டுகிறாரோ, அந்த நொடியில் முன்னால் போகும் பத்துப் பேரும் தவறான டயரில் இருக்கிறார்கள் என்று பொருள். வர்ணனையாளர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் காது. வளைவிலிருந்து வெளியே வரும்போது இன்ஜின் சத்தம் திடீரென்று எகிறி அடங்கினால் பின்சக்கரம் வழுக்குகிறது. அந்த எகிறல் லேப்புக்கு லேப் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்டாலே தடத்தின் நிலை புரியும். நல்ல ஹெட்போன் போட்டு ஆன்போர்டு பார்ப்பதற்கு மழை ரேஸைவிட உகந்த சமயம் கிடையாது.

இப்படிப் பார்க்கக் கற்றதன் பலனைக் கொடுத்தது 2020 துருக்கி. இஸ்தான்புல் பார்க்கில் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள்; அதன்மேல் மழையும் சேர, தடம் பனிக்கட்டி மாதிரி வழுக்கியது. லான்ஸ் ஸ்ட்ரோல் போல் பொசிஷன் எடுத்து முதல் பாதியில் பெரும்பாலும் முன்னிலையில் இருந்தார். நேரலையில் பார்த்தபோது நடுப்பகுதி தொய்வாகத் தெரிந்ததால் ஏழு போட்டேன். ஆறாவதாகத் தொடங்கிய ஹாமில்டன் லேப் கணக்கில் வெட்டலின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார், தாண்ட முடியவில்லை. இரண்டாம் முறை நேரங்களை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அந்தத் தொய்வுக்குள் நடந்தது தெரிந்தது. இன்டர் டயரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்து தேய்ந்து அது கிட்டத்தட்ட ஸ்லிக்காகவே மாறிக்கொண்டிருக்கிறது. தடமும் அதே வேகத்தில் காய்கிறது. மற்றவர்களில் பலர் புது இன்டர் மாட்டிக்கொண்டு அதையும் பாழாக்குகிறார்கள். ஸ்ட்ரோல் ஒன்பதாவதாகச் சரிந்தார். ஹாமில்டனோ ஐம்பது லேப்புக்கு ஒரே செட்டைக் காப்பாற்றி, அரை நிமிடத்துக்கு மேல் இடைவெளியில் ஜெயித்து, ஷூமாக்கரின் ஏழு பட்டங்களைச் சமன் செய்தார். இரண்டாவது மதிப்பெண் பத்து. நோட்டிலேயே பெரிய ஏற்றம் இதுதான்.

பெரிய இறக்கம் 2011 கனடா. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் அதிகம் என்று தெரிந்தே சொல்கிறேன். 4 மணி 4 நிமிடம், வரலாற்றிலேயே நீளமான ரேஸ். கடைசி இடம்வரை சரிந்த பட்டன், கடைசி லேப்பில் வெட்டல் சறுக்க, முன்னேறி ஜெயித்தார். அந்த முடிவைவிட அழகானது அபூர்வம். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரெட் ஃபிளாக், ஆறு முறை சேஃப்டி கார். திரும்பப் பார்க்கும்போது உண்மையில் பந்தயமாக ஓடிய பகுதி எவ்வளவு என்று கூட்டினால் மனம் கொஞ்சம் சுருங்குகிறது. கடைசிப் பதினைந்து லேப்புக்குப் பத்து, முழு ரேஸுக்கு ஏழு. 1993 டோனிங்டனிலும் எனக்கு இதே நிலைப்பாடு. செனா ஐந்தாவதிலிருந்து முதல் இடத்துக்கு ஒரே லேப்பில் வந்தது கார் ஓட்டும் கலையின் உச்சம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் முடிவில் டேமன் ஹில்லைத் தவிர எல்லோரையும் ஒரு சுற்றுக்கு மேல் பின்தள்ளிவிட்டார். மேதையைப் பார்க்கும் வியப்பு வேறு, போட்டியைப் பார்க்கும் பதைப்பு வேறு. நான் மதிப்பெண் போடுவது இரண்டாவதற்கு.

விபத்துக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. 1998 ஸ்பாவின் முதல் லேப்பில் பத்துக்கு மேற்பட்ட கார்கள் குவிந்ததைச் சிறந்த காட்சியாகப் பகிர்கிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. 2014 அக்டோபர் 5, சுசுகா, சூறாவளி நெருங்கிய ஈரத்தில் ஜூல்ஸ் பியான்கியின் கார் தடத்தை விட்டு விலகி மீட்பு வண்டியில் மோதியது. அடுத்த ஜூலையில் அவர் இறந்தார். எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் வேகம் குறைக்க வைக்கும் விர்ச்சுவல் சேஃப்டி கார் முறை அதன் பின்னர்தான் வந்தது. அன்றிலிருந்து மழைக்காக ரேஸ் தாமதமாகும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை. தாமதத்துக்கு மதிப்பெண் குறைப்பேன், ஆனால் குறை சொல்ல மாட்டேன். கூரைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவன் நான்.

மழையின் இன்னொரு கொடை, மெதுவான காருக்கும் ஒரு வாசல் திறப்பது. 2007 நூர்பர்க்ரிங்கில் ஸ்பைக்கர் அணியின் மார்கஸ் விங்கல்ஹாக் ரேஸுக்கு முந்தைய அணிவகுப்புச் சுற்றான ஃபார்மேஷன் லேப் முடிவிலேயே மழை டயர் மாட்டிப் பிட் லேனிலிருந்து கிளம்பினார். முதல் லேப்பில் மழை கொட்டியது. அவர் ஓட்டிய ஒரே கிராண்ட் பிரி அது. அதில் ஆறு லேப் முன்னிலை. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2012 செபாங், கடைசி வரிசையிலிருந்து எச்.ஆர்.டி. காரில் ஃபுல் வெட் டயரோடு தொடங்கினார். மற்றவர்கள் பிட்டுக்குள் போய் வர, ரெட் ஃபிளாக் விழுந்தபோது நரேன் பத்தாவது. ஏறக்குறைய ஐம்பது நிமிட நிறுத்தத்தில் திரையில் அவர் பெயர் பத்தாவது வரியில் நின்றுகொண்டே இருந்தது. என் கண் அதைவிட்டு நகரவில்லை. பிறகு பட்டனும் வெட்டலும் அவர் காரோடு உரசிக்கொண்டதும், வெட்டல் கடுமையாகப் பேசியதும்தான் செய்தியாயின. கடைசி வரிசைக் காரில் அந்த இடத்துக்கு வந்தது ஒரு டயர் முடிவால் என்பதை யாரும் பேசவில்லை. ரேஸே நல்ல ரேஸ்தான்: சாபரில் பெரெஸ் அலோன்சோவின் ஃபெராரியைக் கடைசிவரை துரத்தி இரண்டே நொடியில் தோற்றார். ஒன்பது. நரேனுக்காக ஒன்றும் கூட்டவில்லை.

புதிதாகப் பார்க்க வருகிறவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், 2019 ஹாக்கன்ஹைமை முழுதாகப் பாருங்கள். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து என்று ரேஸ் முழுக்கத் தெரியாமை விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். வெர்ஸ்டாப்பன் நடுவில் ஒரு முழுச் சுற்று சுழன்று, ஐந்து முறை பிட்டுக்கு வந்தும் ஜெயிக்கிறார். இருபதாவதாகத் தொடங்கிய வெட்டல் இரண்டாவது, க்வியாட் மூன்றாவது. அதன் பிறகு 2025 மெல்போர்ன். ஞாயிறு காலை ஒன்பதரைக்கு நேரலையில் பார்த்தது இன்னும் பசுமையாக இருக்கிறது. மழை தடத்தின் ஒரு பக்கம் மட்டும் இறங்க, இரண்டு மெக்லாரன்களும் ஒரே இடத்தில் தடம் விட்டு வெளியேறின. நோரிஸ் உடனே பிட்டுக்குள் வந்து டயர் மாற்றினார், பியாஸ்ட்ரி புல்லில் சிக்கி ஒன்பதாவதாக முடித்தார். நோரிஸ் வெர்ஸ்டாப்பனை ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் தாங்கிப் பிடித்து ஜெயித்தார். சோச்சியில் ஸ்லிக்கிலேயே நின்ற அதே நோரிஸ். சோச்சி, மெல்போர்ன் இரண்டு ரேஸையும் அடுத்தடுத்து, கையில் நேரங்களோடு பாருங்கள். துருக்கியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கனடாவுக்குக் கடைசிப் பதினைந்து லேப் போதும்.