மல்டிமீட்டரை ஓரங்கட்டிய இ.சி. பேனா

உப்பு கூடக் கூடத் தண்ணீரின் மின்தடை எப்படிக் குறைகிறது என்று பார்க்க முதலில் கையில் இருந்த மல்டிமீட்டரைத்தான் எடுத்தேன். இரண்டு முனைகளையும் டம்ளருக்குள் விட்டு ஓம் பக்கம் திருப்பினால் எண் ஓரிடத்தில் நிற்கவே இல்லை, ஏறிக்கொண்டே போனது. முனைகளை மாற்றிப் பிடித்தால் வேறு எண், கொஞ்சம் ஆழமாக விட்டால் இன்னொரு எண். மீட்டர் பழுது இல்லை. அது அனுப்புவது நேர்மின்னோட்டம், முனைகளைச் சுற்றி அயனிகள் குவிந்துவிடும், அந்தக் குவியலையும் சேர்த்துத்தான் அது அளக்கிறது.

அப்புறம்தான் இந்தப் பேனா வடிவ இ.சி. மீட்டரை, அதாவது மின்கடத்துத்திறன் அளக்கும் கருவியை வாங்கினேன். இது மாறுமின்னோட்டத்தில் அளக்கிறது, மின்முனைகளின் இடைவெளியும் மாறாது, எண் சில நொடிகளில் நிலைக்கிறது. காட்டுவது கடத்துத்திறனை, சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ் என்ற அலகில்; பத்து லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் மின்தடை எண், ஓம் சென்டிமீட்டரில்.

காய்ச்சி வடித்த தண்ணீரில் 3 மைக்ரோசீமென்ஸ். லிட்டருக்கு 1 கிராம் உப்பு போட்டதும் 2,000, 2 கிராமுக்கு 3,880, 4 கிராமுக்கு 7,500. வகுத்துப் பார்த்தால் 500, 258, 133. உப்பை இரட்டிப்பாக்கினாலும் மின்தடை சரிபாதியாக இறங்கவில்லை பாருங்கள், அயனிகள் நெருங்க நெருங்க ஒன்றின் ஓட்டத்துக்கு மற்றொன்று தடையாகிறது. இவ்வளவு சின்ன வித்தியாசத்தை இந்தக் குட்டிப் பேனா காட்டும் என்று நான் நினைக்கவில்லை.

குறைகளும் உண்டு. 9,990 தான் உச்சம், 6 கிராம் போட்டதுமே கை விரித்துவிட்டது; கடல்நீர் 50,000 பக்கம் வரும், அதற்கு இது சரிப்படாது. ஒரு டிகிரி சூட்டுக்குக் கடத்துத்திறன் சுமார் 2 சதவீதம் ஏறும், பேனா அதைத் தானே திருத்திக்கொள்கிறது என்றாலும் வெந்நீரில் விட்டால் உள்ளே இருக்கும் உணரி சூடாகும் வரை ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். சரிபார்க்கத் தேவையான, 1,413 என்று காட்ட வேண்டிய கரைசலைப் பெட்டியில் வைக்கவில்லை, தனியாக வாங்கினேன், எரிச்சல்தான். மின்முனையில் காற்றுக்குமிழி ஒட்டினால் எண் குறையும், லேசாகத் தட்டிவிடுங்கள்.

பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் கரைந்திருப்பது எத்தனை பங்கு) பொத்தானை நம்பி உட்கார வேண்டாம். அது தனியாக எதையும் அளப்பதில்லை, கடத்துத்திறனைப் பாதியாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். சாப்பாட்டு உப்புக்கு அந்தக் கணக்கு ஒத்துவரும், வேறு உப்பு என்றால் தப்பும்.